பீங்கான் அனுப்பிய படம்

அவனுக்குப் பீங்கான் என்று பேர் வைத்தது ஸ்டுடியோ முதலாளி. வைத்தபோது அது பாராட்டாக இல்லை. ஒரு கல்யாண ஆல்பத்தின் முதல் பக்கத்தைப் புரட்டிவிட்டு, "என்னடா இது, பொண்ணு மாப்பிள்ளையா, இல்ல ஷோகேஸ்ல வைக்கிற பீங்கான் பொம்மையா?" என்று கேட்டார். கேட்ட வாயை அவர் மூடுவதற்குள் கல்யாண வீட்டார் வந்துவிட்டார்கள். ஆல்பத்தைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். தங்கள் வீட்டுப் பெண் இவ்வளவு அழகா என்று அவர்களுக்கே சந்தேகம் வந்து, இன்னும் ஒரு பிரதி வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். முதலாளி தன் கிண்டலை மடித்து உள்ளே வைத்துக்கொண்டார். பேர் மட்டும் வெளியே தங்கிவிட்டது. அவனும் அதை ஒரு விருதுபோல வாங்கி மாட்டிக்கொண்டான்.

அவன் வேலை, மற்றவர்கள் எடுத்த படங்களைத் துடைப்பது. மங்கலான மண்டபத்திலும் சாயங்கால வெளிச்சத்திலும் எடுத்த படங்களில் மணல் தூவியதுபோலப் புள்ளி விழும். தூரத்திலிருந்து பார்த்தால் சாம்பல் நிறம். கிட்டப்போய் உற்றுப் பார்த்தால் சிவப்பும் பச்சையும் நீலமுமாகப் பொரிந்து கிடக்கும். தொழிலில் அதற்கு நாய்ஸ் என்று பேர். அதை எடுப்பதற்கென்று ஒரு சாப்ட்வேர் உண்டு. திரையின் ஓரத்தில் ஒரு கோடு, கோட்டின் மேல் ஒரு குமிழ். குமிழை இடமிருந்து வலமாக இழுக்க இழுக்கப் புள்ளிகள் அடங்கும்.

விவரம் தெரிந்தவர்கள் பாதி வழியில் நிறுத்துவார்கள். ஏனென்றால் அந்த சாப்ட்வேருக்குப் புள்ளி எது, பொருள் எது என்று தெரியாது. சின்னதாகவும் ஒழுங்கில்லாமலும் எது கண்ணில் பட்டாலும் அதற்கு அது அழுக்குதான். கொஞ்சம் அதிகமாக இழுத்தால் துணியின் நெசவு போகும். இன்னும் இழுத்தால் புருவத்தில் மயிர் போகும், உதட்டில் வரி போகும். பீங்கான் கோடி வரைக்கும் இழுப்பான். அங்கே போய் முட்டினால்தான் அவனுக்கு வேலை செய்தமாதிரி இருக்கும்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அவனுக்கு நாக்கில் நரம்பு கிடையாது. பாஸ்போர்ட் அளவு படத்துக்கு வந்து நிற்கிற பெண்ணிடம், "உங்க கன்னத்துல இருக்கிற குழியெல்லாம் நான் ரொப்பி முடிக்கிறதுக்குள்ள எனக்கு வயசாயிடும்" என்பான். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தச்சர் ஒருவர், தன் முகத்துச் சுருக்கமெல்லாம் எங்கே என்று படத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார். "சுருக்கம் வேணும்னா கண்ணாடிய பாருங்க, அதுக்கு எதுக்கு ஸ்டுடியோ?" என்று கேட்டு அனுப்பினான். அவர் படத்தை உறைக்குள் போட்டுக்கொண்டு போனார். ஸ்டுடியோவில் எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தவர்களின் முகங்களையும் அவன் அப்படித்தான் பார்த்தான். நேரில் தெரிகிற எந்த முகமும் அவனுக்கு முடிக்காமல் விட்ட வேலை.

அவன் மனைவி ஒரு பெரிய சலவைக்கூடத்தில் துணி தேய்த்தாள். விடுதிகளிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் வருகிற படுக்கை விரிப்புகள். காலையிலிருந்து சாயங்காலம் வரை சிமெண்ட் தரையில் நின்றபடி வேலை. சின்ன வயதில் அம்மை போட்டு அவள் கன்னங்களில் தழும்பு இருந்தது. கல்யாணமான புதிதில் அவளை ஒரு படம் எடுத்து, வழக்கம்போல் கோடி வரைக்கும் இழுத்து, பெரிதாக்கி முன்னறையில் மாட்டினான். அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு அதைப் பார்த்தாள்.

"இவ யாருங்க? நல்லாத்தான் இருக்கா. இவளையே கட்டியிருக்கலாமே?"

அவன் சிரித்தான். அதையும் அவன் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டான். அவள் குரல் உயர்த்தி யாரும் கேட்டதில்லை. வாயைத் திறந்தால் அளந்துதான் பேசுவாள், பேசியது போய்த் தைக்கும். தைத்தது தெரியாத தடித்தோல் அவனுக்கு. அதனாலேயே அந்தக் குடும்பம் சண்டையில்லாமல் ஓடியது. குழந்தை இல்லை. அதற்கும் அவன் ஒருமுறை, "நல்லதாப் போச்சு, உன் மூஞ்சியோட ஒண்ணு பொறந்திருந்தா அதுக்கும் நான்தான் துடைக்கணும்" என்றான். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. அவன் கவனிக்கவில்லை.

கறுப்பை முதலில் பார்த்தது அவள் தம்பி. பார்சல் வேன் ஓட்டுகிறவன். ஒரு சாயங்காலம் வந்தபோது, அக்கா வேலை முடிந்து வந்து வெந்நீர் வாளிக்குள் காலை விட்டு உட்கார்ந்திருந்தாள். காலை எடுத்துத் துடைக்கும்போது அவன் கண்ணில் பட்டது.

"குதிகால்ல என்னக்கா கறுப்பா?"

"ஏதாவது மை பட்டிருக்கும்."

"மை இல்லக்கா. இரு, அசையாத."

ஈரத் துணியால் தேய்த்துப் பார்த்தான். போகவில்லை. எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டான். அவளுக்குத் தெரியவில்லை. குதிகாலை யார் தினமும் திருப்பிப் பார்க்கிறார்கள்? மறுநாளே அக்காவையும் மாமாவையும் வேனில் ஏற்றி, தெருமுனையில் இருக்கும் சின்ன கிளினிக்குக்குக் கூட்டிப்போனான். பீங்கான், ஒரு மச்சத்துக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று முனகிக்கொண்டே வந்தான்.

கிளினிக் நர்ஸ் காலைப் பார்த்தவுடன் கலகலப்பை நிறுத்திவிட்டாள். "தோல் டாக்டரம்மா பெரிய ஆஸ்பத்திரில இருக்காங்க. நேர்ல பாக்கணும்னா ரொம்ப நாள் காத்திருக்கணும். ஆனா படம் அனுப்பினா உடனே பாத்துடுவாங்க. சந்தேகமா இருந்தா மறுநாளே வரச் சொல்லிடுவாங்க. இல்லேன்னா பயமில்லன்னு எழுதி அனுப்புவாங்க" என்றாள். பிறகு, அவளுடைய முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்தபடியே, "உள்ளங்கால்ல வர்ற கறுப்பெல்லாம் மச்சம்னு விட முடியாதும்மா. சிலது உள்ளுக்குள்ள பரவி உசுரையே கொண்டு போயிடும். சீக்கிரம் பாத்தா வெட்டி எடுத்துடலாம். காலைக் காட்டுங்க, எடுத்துடறேன்" என்று தன் போனை எடுத்தாள்.

பீங்கான் கையை நீட்டி மறித்தான். "சிஸ்டர், அதுல எடுக்கிறதெல்லாம் ஒரு படமா? நான் தொழில்காரன். எங்கிட்ட கேமரா இருக்கு. நானே எடுத்து அனுப்பறேன்."

"சாதாரணமா எடுத்தாப் போதுங்க."

"எனக்குப் போதாது."

தம்பி இடையில் வந்தான். "மாமா, சிஸ்டரே எடுக்கட்டும். ஒரு நிமிஷ வேலை."

"மாப்ள, நீ வேன் ஓட்டு. நான் படம் எடுக்கிறேன். அவங்கவங்க வேலையை அவங்கவங்க பாப்போம்."

நர்ஸ் தோளைக் குலுக்கிக்கொண்டு, அனுப்ப வேண்டிய முகவரியை எழுதிக் கொடுத்தாள். அவன் மனைவி தடுக்கவில்லை. கணவன் தனக்காக ஏதோ ஒன்றை மெனக்கெட்டுச் செய்ய வருகிறான் என்பதே அவளுக்குப் புதிதாக இருந்தது. உண்மையைச் சொன்னால், கொஞ்சம் சந்தோஷப்பட்டாள்.

வீட்டில் வெளிச்சம் போதவில்லை. சமையலறையின் டியூப்லைட் ஒன்றுதான் உருப்படி. அவளைக் குப்புறப் படுக்கவைத்து, காலை ஒரு நாற்காலிமேல் தூக்கி வைக்கச் சொன்னான். ஃப்ளாஷ் போட்டால் குதிகாலின் தடித்த தோலில் வெளிச்சம் பட்டு வெள்ளையாகப் பளீரிடும். அதனால் ஃப்ளாஷைத் தவிர்த்து, கேமராவை இருட்டுக்கு ஏற்றபடி திருகி வைத்து, மூச்சை அடக்கி எடுத்தான். அந்த மட்டில் அவன் வேலை சுத்தம். கோணம் சரி, கூர்மை சரி. வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றித் திறந்தால், எதிர்பார்த்தபடியே திரை முழுக்க மணல்.

அவள் எழுந்து வந்து அவன் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். தன் குதிகாலை அவள் முதன்முதலாக ஒழுங்காகப் பார்ப்பது அப்போதுதான். கைரேகைபோலக் குதிகால் தோலிலும் வரிவரியாக ரேகை ஓடுகிறது. கறுப்பு அந்த ரேகைகளின் மேட்டிலே ஏறி, கோடுகோடாகப் போயிருந்தது. நடுவில் கருமை, ஒரு பக்கம் பழுப்பு, இன்னொரு பக்கம் நீலம் கலந்த சாம்பல். ஓரம் சீராக இல்லை, ஈரக் காகிதத்தில் மை ஊறியதுபோல் கலைந்திருந்தது. கொஞ்சம் தள்ளி, தனியாக, பொடிப்பொடியாகச் சில கறுப்புகள்.

"என்னங்க இது, கோடுகோடா ஓடுது?"

"இரு. இப்ப பாரு."

குமிழைப் பிடித்து இழுத்தான். மணல் அடங்கியது. இன்னும் இழுத்தான். ரேகைகள் மங்கின. இன்னும். கறுப்புக்குள் இருந்த நீலமும் பழுப்பும் ஒன்றோடொன்று கரைந்து ஒரே தவிட்டு நிறமானது. கலைந்திருந்த ஓரம் தானாகவே சேர்ந்து வட்டமானது. தள்ளியிருந்த பொடிகளை சாப்ட்வேர் ஒவ்வொன்றாக விழுங்கியது. குமிழ் கோடியில் போய் முட்டியபோது திரையில் இருந்தது வழவழவென்று ஒரு பீங்கான் கால். அதில் அழகாக, உருண்டையாக, பொட்டுமாதிரி ஒரு மச்சம்.

"அந்தக் கோடெல்லாம் எங்க போச்சு? பக்கத்துல பொடிசா இருந்துச்சே, அது?"

"அது உன் கால்ல இல்ல. கேமராவுல. அதுக்குப் பேருதான் நாய்ஸ்."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு காலை மடக்கித் திருப்பிப் பார்த்தாள். அந்த வெளிச்சத்தில், அந்தக் கோணத்தில், கறுப்பாக ஏதோ தெரிந்ததே தவிர ஒன்றும் புரியவில்லை.

"எதுக்கும், இருந்தபடியே அனுப்பிடுங்களேன்."

"இப்படி மணலும் மண்ணுமா ஒரு படம் எம் பேருல வெளிய போகணுமா? நாளைக்கு அந்த டாக்டர் வீட்டுல ஒரு கல்யாணம்னா என்னை எவன் கூப்பிடுவான்? போ, போய் வேலையப் பாரு."

அவள் போய் வேலையைப் பார்த்தாள். அவன் துடைத்த படத்தை அனுப்பினான். அவள் உயிர் இருந்த இடம் அந்தக் கோடுகளிலும் பொடிகளிலும்தான். அவை அனுப்பப்படவில்லை.

பதில் சீக்கிரமே வந்தது. ஓரம் ஒழுங்காக இருக்கிறது, நிறம் ஒரே சீராக இருக்கிறது, சாதாரண மச்சம்தான், பயப்பட வேண்டியதில்லை, ஏதாவது மாற்றம் தெரிந்தால் நேரில் வரவும் என்று டாக்டர் எழுதியிருந்தார். கடைசியில், படம் மிகத் தெளிவாக இருந்தது, நன்றி என்று ஒரு வரி. பீங்கானுக்குத் தலைகால் புரியவில்லை. முன்னே எழுதியிருந்ததை ஒருமுறையும் கடைசி வரியைப் பலமுறையும் படித்தான். ஸ்டுடியோவில் முதலாளியிலிருந்து டீ கொண்டு வருகிறவர் வரை காட்டினான். "டாக்டருக்கே தெரியுது தொழில்னா என்னன்னு" என்றான். மனைவிக்கும் நிம்மதிதான். அன்றைக்கு அவன் கேட்காமலே அவனுக்குப் பிடித்ததைச் சமைத்தாள்.

கால் அந்தப் படத்தைப் பார்த்ததில்லை. அது தன்பாட்டுக்குத் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

முதலில் அரிப்பு. பிறகு நிற்கும்போது ஒரு குத்தல். சலவைக்கூடத்தில் அவள் குதியைத் தூக்கி, முன்காலில் பாரம் வைத்து நிற்கப் பழகினாள். நடை மாறியது. அந்த நடையை பீங்கான் ஸ்டுடியோவில் நடந்து காட்டினான். "எங்க வீட்டுல ஒரு நடனக்காரி வந்திருக்கா" என்று குதியைத் தூக்கிக்கொண்டு கேமராக்களுக்கு நடுவே ஒரு சுற்று வந்தான். வயிறு வலிக்கச் சிரித்தார்கள். வீட்டிலும் அவள் வலி என்று வாயைத் திறந்தால் போதும், போனை எடுத்து அந்தப் படத்தை அவள் முகத்துக்கு நேரே நீட்டுவான்.

"இதப் பாரு. இதுதான் உன் காலு. டாக்டரே பாத்துச் சொல்லியாச்சு. அதுக்கு மேல உனக்கு என்ன தெரியும்?"

தன் காலைவிட அந்தப் படத்தை அவள் ஏன் நம்பினாள் என்று கேட்கலாம். படித்தவர்கள் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். கணவன் தினமும் சொல்கிறான். தோலுக்குள் நடப்பது அவளுக்கு மட்டும்தான் தெரிகிறது. ஒருத்தியாக நின்று எத்தனை நாளைக்கு வாதாடுவது? நின்று வேலை செய்கிறவர்களுக்குக் கால் வலிப்பது சகஜம்தானே என்று அவளும் நினைத்துக்கொண்டாள்.

ஒருநாள் செருப்புக்குள் ரத்தம் கசிந்திருந்தது. செருப்பு கடித்திருக்கும் என்றான். தம்பி வந்து பார்த்துவிட்டுக் கத்தினான். "மாற்றம் தெரிஞ்சா நேர்ல வான்னு எழுதியிருக்காங்களே மாமா. ரத்தம் வர்றது மாற்றம் இல்லாம என்ன?"

"மாற்றம் எங்க? படத்தோட வச்சுப் பாரு. அதே மச்சம், மேல கொஞ்சம் புண்ணு. உன் அக்காவுக்கு வேலைக்குப் போக வலிக்குது, அவ்வளவுதான்."

அதன்பிறகும் நாள் ஓடியது. தொடை இடுக்கில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி தட்டுப்பட்டபோது, அவள் கணவனிடம் சொல்லவில்லை. தம்பிக்குப் போன் செய்து, "வேனைக் கொண்டா" என்று மட்டும் சொன்னாள். பீங்கானும் கூடவே ஏறிக்கொண்டான். ஒன்றுமில்லாததுக்குப் போய் நின்றால் டாக்டர் முகத்தில் எப்படி விழிப்பது என்பதுதான் வழியெல்லாம் அவன் கவலை.

டாக்டர் நடுத்தர வயதுப் பெண். காலைக் கையில் ஏந்தி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். கட்டியைத் தொட்டுப் பார்த்தார். எழுந்து கை கழுவினார். திரும்பி வந்து கம்ப்யூட்டரில் பழைய படத்தைத் திறந்து, அதையும் காலையும் மாறிமாறிப் பார்த்தார்.

"இந்தப் படம் யாரு எடுத்தது?"

பீங்கான் நிமிர்ந்து உட்கார்ந்தான். அந்த நேரத்திலும் அவனுக்கு அப்படித்தான் தோன்றியது. "நான்தான் டாக்டர். ஸ்டுடியோவுல இருக்கேன்."

"இதுல தோல்ல ரேகையே இல்லையே. எனக்கு அன்னைக்கே சந்தேகம் வந்திருக்கணும். இதை என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல. நாய்ஸ் எடுத்தேன். புள்ளிபுள்ளியா இருந்துச்சு, அதை மட்டும்..." பேச்சு பாதியில் நின்றது. 

"எடுத்த படம் அப்படியே இருக்கா?"

இருந்தது. எதையும் அழிக்காதவன் அவன், அதுவும் தொழில் ஒழுங்குதான். ஸ்டுடியோவில் வைத்திருந்த பிரதியை வரவழைத்துக் கொடுத்தான். டாக்டர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒரு பக்கம் கோடுகோடாக ஓடும் கறுப்பு, கலைந்த ஓரம், தள்ளிநின்ற பொடிகள். இன்னொரு பக்கம் பொட்டு. 

"இதை அனுப்பியிருந்தா மறுநாளே கூப்பிட்டிருப்பேன். அப்ப மேலோட்டமாத்தான் இருந்திருக்கும். வெட்டி எடுத்திருந்தா முடிஞ்சிருக்கும்" என்றார் டாக்டர். இதை அவன் மனைவியின் காதில் விழும்படி சொல்லியிருக்க வேண்டியதில்லை. ஆனால் அவருக்கும் கோபம், தன்மேலும் சேர்த்து. மனைவி திரையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. இடப்பக்கப் படத்தைத்தான் அன்றைக்கு வீட்டில் அவள் பார்த்தாள், கேட்டாள், அனுப்பச் சொன்னாள். பீங்கானுக்குப் பேயறைந்த மாதிரி இருந்தது. தம்பி அவன் சட்டையைப் பிடித்துவிட்டான்.

"விடுடா" என்றாள் அவள். "ஆஸ்பத்திரில சத்தம் போடாதே."

குதிகாலில் ஒரு பங்கை எடுத்தார்கள். தொடை இடுக்கில் கட்டியை எடுத்தார்கள். ஆனால் புற்று அதற்குள் நெஞ்சுக்குப் போயிருந்தது. இனி வலியைக் குறைப்பதுதான் வைத்தியம் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். முன்னறையில் கட்டில் போடப்பட்டது.

பீங்கான் அடி வாங்கத் தயாராக இருந்தான். அழுவாள், சபிப்பாள், ஊரைக் கூட்டுவாள், எல்லாவற்றையும் தலை குனிந்து கேட்டுக்கொள்வது என்று முடிவு செய்திருந்தான். அவள் ஒன்றும் செய்யவில்லை. முதன்முதலில் பார்க்க வந்தது சலவைக்கூடத்துப் பெண்கள். அவர்களுக்கு அவனைக் காட்டி, "இவரு ஸ்டுடியோவுல வேலை பாக்குறாரு. என் காலை அவ்வளவு அழகா எடுத்தாரு. டாக்டரே பாராட்டி எழுதினாங்கன்னா பாத்துக்கோங்க" என்றாள். பிறகு அவன் பக்கம் திரும்பி, "ஏங்க, அந்தப் படத்தைக் காட்டுங்களேன்."

அவன் முகத்தில் ஈயாடவில்லை. போனை எடுத்துக் காட்டினான். "ஆமா, எவ்வளவு பளிச்சுன்னு இருக்கு" என்றார்கள் அவர்கள், வேறென்ன சொல்வது என்று தெரியாமல்.

அடுத்து வந்தவர்களுக்கும் அதே. பக்கத்து வீட்டாருக்கும், தூரத்துச் சித்திக்கும், முதலாளிக்கும்கூட. குரலில் ஒரு நெளிவு இருக்காது. கிண்டல் என்று யாரும் சொல்ல முடியாது. உண்மையாகவே பெருமைப்படுகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஒருநாள் அவன் போனிலிருந்து படத்தை அழித்துவிட்டான். அன்றைக்கு யாரோ வந்தபோது, "இல்ல, போன்ல ஏதோ ஆகி அழிஞ்சிடுச்சு" என்றான்.

"பரவாயில்லைங்க, எங்கிட்ட இருக்கு" என்று தலையணைக்கு அடியிலிருந்து அவள் தன் போனை எடுத்தாள்.

தம்பிக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, இந்தாளு பண்ணினதை நாலு பேருக்குத் தெரியற மாதிரி சொல்லிடறேன். இப்படி மூடி மூடி வைக்காத."

"சொன்னேன்னா உன் அக்காகிட்ட நீ பேச வேண்டாம். நான் இருந்தாலும் சரி, போனாலும் சரி, உன் வாயிலேர்ந்து வரக் கூடாது."

பீங்கான் அவளுக்கு எல்லாம் செய்தான். அதையும் சொல்லவேண்டும். புண்ணைக் கழுவினான், கட்டு மாற்றினான், தூக்கி உட்கார வைத்தான். இப்போது அவனுக்கு அவள் கன்னத்துத் தழும்புகள் ஒவ்வொன்றும் தெரிந்தது, எதையும் ரொப்பத் தோன்றவில்லை.  ஒரு மத்தியானம், கட்டு மாற்றி முடித்துவிட்டு, அந்தக் காலைப் பிடித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"ஒரு வார்த்தை திட்டிடு."

"எதுக்குங்க?"

"நான் பண்ணினதுக்கு. திட்டு, அறை, காறித் துப்பு. ஏதாவது பண்ணு. இப்படிப் பாராட்டாதே. தாங்கல."

அவள் அவனைப் பார்த்தாள். அவள் கண்ணில் வெறுப்பு இருந்திருந்தால்கூட அவன் பிழைத்துப் போயிருப்பான்.

"திட்டினா என்ன ஆகும்?"

"மனசு ஆறும்."

"யாருக்கு?"

அவன் கட்டின் முனையைத் திரும்பத் திரும்ப நீவினான்.

"உங்களுக்கு ஆறும்" என்றாள் அவள். "இப்ப திட்டிடுவேன். நீங்க அழுவீங்க. நானும் அழுவேன். அப்புறம் பாவம்னு உங்களை மன்னிச்சுத் தொலைப்பேன். நான் போனதுக்கப்புறம், எல்லாம் பேசித் தீத்தாச்சுன்னு நீங்க நிம்மதியா இருப்பீங்க. எனக்கு அது வேண்டாங்க. ஆறக் கூடாது." பிறகு, "தண்ணி குடுங்க" என்றாள்.

அவன் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தான்.

அதற்கப்புறம் அவள் அதிக நாள் இல்லை. பேச்சு குறைந்து, மூச்சு குறைந்து, கடைசியில் கிளினிக் நர்ஸ் வந்து கையைப் பிடித்துப் பார்த்தபோது, கண் திறந்து அவளை அடையாளம் கண்டுகொண்டாள். கணவன் நின்ற பக்கம் விரலை அசைத்து, "நல்லா படம் எடுப்பாரு" என்றாள். நர்ஸ் வெளியே போய் அழுதாள். நர்ஸுக்கு அன்றைக்குத் தன் போனை உள்ளே வைத்தது நினைவிருந்தது. மற்றதெல்லாம் தெரியாது.

எல்லாம் முடிந்த அன்று வீடு நிறைய ஆட்கள். தூரத்துச் சித்தி அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "குடுத்து வச்சவன்ப்பா நீ. இந்தக் காலத்துல எவ இப்படி இருப்பா? அவ்வளவு வலியிலயும் உன்னைப் பத்தி ஒரு வார்த்தை குறை சொல்லலையே. பெருமையாத்தானே பேசிட்டுப் போனா." சுற்றி இருந்தவர்கள் ஆமாம் என்று கண்ணைத் துடைத்தார்கள்.

பீங்கான் கைகளை உருவிக்கொண்டான். "நான்தான் கொன்னேன்" என்றான்.

சித்தி மறுபடி அவன் கைகளைப் பிடிக்க வந்தாள்.

"நான்தாங்க அவளைக் கொன்னேன். அந்தப் படத்தை நான் துடைச்சு அனுப்பினேன். வியாதி எல்லாம் அதுல இருந்துச்சு, நான் துடைச்சிட்டேன். அவ சொன்னா, நான் கேக்கல."

சித்தி அவன் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். "அழு, அழு. பொண்டாட்டி போன துக்கத்துல அப்படித்தான் தோணும். படம் எடுத்தா யாராவது சாவாங்களா? டாக்டரே பாராட்டினாங்கன்னு அவ எங்கிட்ட காட்டினாளே." இன்னொருத்தர் முதுகைத் தடவினார். முதலாளி, "எவ்வளவு பாசம் பாருங்க" என்று பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாகச் சொன்னார். யாரோ ஒருவர் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். அவன் சொல்லச் சொல்ல அவர்கள் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தார்கள்.

அவன் கூட்டத்துக்கு மேலாகக் கண்ணை ஓட்டித் தம்பியைத் தேடினான். தம்பி வாசல் நிலையில் சாய்ந்து நின்றிருந்தான்.

"மாப்ள, நீயாவது சொல்லு. உனக்குத் தெரியுமே. இவங்ககிட்ட சொல்லு."

எல்லோரும் தம்பியைத் திரும்பிப் பார்த்தார்கள். 

"அக்கா சொல்லக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்கு மாமா" என்றான். பிறகு, வெளியே நிற்பவர்களுக்கு நாற்காலி போடப் போய்விட்டான்.